வெளிநாட்டுப் பயணத்தில் பார்க்க வேண்டிய புத்தகக் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடு செல்லும் வாசகர்களில் பலர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டைக்கும் நாள் ஒதுக்கிவிட்டு, புத்தகக் கடையை விமானம் ஏறும் நாளின் மிச்ச நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர் இணையத்தில் சுற்றும் ‘உலகின் அழகான கடைகள்’ பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வாசலிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள், கடைக்குள் நின்று புரட்டிப் பார்க்கவும் வாங்கவும் விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டவை.

இத்தனை கடைகளில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

புகழ்பெற்ற புத்தகக் கடை ஒன்றுக்கு அந்தப் புகழ் மூன்று வழிகளில் வந்திருக்கக்கூடும்: கட்டடத்தால், கடந்த காலத்தால், அலமாரியில் இருக்கும் சரக்கால். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம் என்பதால், எதற்காகப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் ஏமாற்றம் குறையும். கட்டடத்துக்காகப் போகும் கடைக்கு முக்கால் மணி நேரம் போதும். சரக்குக்காகப் போகும் கடைக்கு ஒரு முழு நாளும் போதாது. பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், அழகான கடையைவிட ஆழமான கடைக்கே அந்த நாளைக் கொடுக்க வேண்டும் என்பது எனது கட்சி. அந்தச் சாய்வு இந்தப் பக்கம் முழுவதிலும் தெரியும்.

பாரிஸில் இருக்கும் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனிதான் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலை வெளியிட்ட கடையா?

இல்லை. பெயர் ஒன்று, கடைகள் இரண்டு. முதல் கடையை 1919இல் தொடங்கியவர் அமெரிக்கரான சில்வியா பீச். 1921இல் அது ஒதெயோன் தெருவுக்கு இடம் மாறியது. ஆபாசம் என்ற குற்றச்சாட்டுக்கு அஞ்சி மற்றவர்கள் அச்சிடத் தயங்கிய ‘யுலிசஸ்’ நாவலை, பதிப்புத் தொழிலில் எந்த முன் அனுபவமும் இல்லாத சில்வியா பீச் 1922இல் தமது கடையின் பெயரிலேயே வெளியிட்டார். விற்பனைக் கடையாக மட்டுமன்றி, சந்தா கட்டியவர்களுக்கு நூல்களை இரவல் கொடுக்கும் நூலகமாகவும் அது நடந்தது. பாரிஸ் ஜெர்மானியர் வசம் இருந்தபோது, 1941இல் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தில் அந்தக் கடை திறக்கப்படவே இல்லை.

இன்று நோத்ரதாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில், புஷெரி தெருவில் 37ஆம் எண்ணில் இருப்பது ஜார்ஜ் விட்மன் என்ற இன்னொரு அமெரிக்கர் 1951இல் தொடங்கிய கடை. அப்போது அதன் பெயர் லெ மிஸ்த்ரால். சில்வியா பீச் 1962இல் மறைந்த பிறகு, ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த ஆண்டான 1964இல் விட்மன் தமது கடைக்குப் பழைய கடையின் பெயரைச் சூட்டினார். தமது மகளுக்கும் சில்வியா என்றே பெயர் வைத்தார். விட்மன் 2011இல் தமது 98ஆவது வயதில் காலமானார். கடையை இப்போது நடத்துபவர் அந்த மகள்தான்.

கீழ்த்தளத்தில் விற்பனை, மாடியில் விற்பனைக்கு அல்லாத படிப்பறை என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. கூட்டம் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுவதால், மாடியில் ஒரு மூலை கிடைத்தால் உட்கார்ந்து படிக்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. இந்த ஒரு விதியாலேயே அது இன்னமும் புத்தகக் கடையாக நீடிக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. வரிசை மிக நீளமாக இருந்தால், சற்றுத் தொலைவில் பார்ஷ்மினெரி தெருவில் இருக்கும் அபே புக்‌ஷாப்புக்குப் போகலாம். கனடாக்காரர் ஒருவர் 1989இல் தொடங்கிய அந்த ஆங்கிலக் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அவ்வளவு நெருக்கமாகப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும்.

அங்கே இரவு தங்கலாம் என்பது உண்மையா?

எழுத்தாளர்களும் எழுத விரும்புகிறவர்களும் தங்கியிருக்கிறார்கள். புத்தக அலமாரிகளுக்கு நடுவே உள்ள கட்டில்களில் படுக்க இடம் கொடுப்பது விட்மன் தொடங்கிய வழக்கம். நாளுக்கொரு புத்தகம் படிக்க வேண்டும், கடையில் சிறிது நேரம் வேலை செய்ய வேண்டும், ஒரு பக்கத்தில் தன் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பவையே வாடகை. அறை வாடகையை மிச்சப்படுத்தும் வழியாக இதை நினைத்துக்கொண்டு போவது பொருத்தமில்லை.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் உள்ள லிவ்ராரியா லெல்லோ புத்தகக் கடைக்கு நுழைவுச் சீட்டு வாங்கிப் போகலாமா? அங்கிருந்துதான் ஹாரி பாட்டர் கதை பிறந்ததா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஜே. கே. ரௌலிங் 1990களின் தொடக்கத்தில் போர்ட்டோவில் ஆங்கிலம் கற்பித்தது உண்மை. அதை வைத்து, அந்தக் கடையின் படிக்கட்டே கதையில் வரும் பள்ளிக்கு மாதிரி என்ற பேச்சு பல ஆண்டுகள் உலவியது. அந்தக் கடைக்குள் தாம் ஒருபோதும் போனதில்லை என்று 2020இல் அவரே தெளிவுபடுத்திவிட்டார்.

கடை 1906இல் திறக்கப்பட்டது. நவகோதிக் பாணி முகப்பு, கூரையில் வண்ணக் கண்ணாடி, நடுவே இரண்டாகப் பிரிந்து வளைந்து ஏறும் சிவப்புப் படிக்கட்டு. செதுக்கிய மரம்போலத் தோன்றும் வேலைப்பாட்டில் பெரும்பகுதி மரமே அல்ல. படிக்கட்டு கான்கிரீட்டால் ஆனது, உட்கூரையில் இருப்பது வண்ணம் பூசிய சுண்ணச்சாந்து. கான்கிரீட் புதிதாக இருந்த காலத்தில் அதை மரமாக நடிக்க வைத்த அந்தக் கைத்திறனைக் காணவாவது போகலாம்.

கூட்டம் தாங்காமல் 2015இல் நுழைவுக் கட்டணம் கொண்டுவரப்பட்டது. அந்தத் தொகையை நீங்கள் வாங்கும் புத்தகத்தின் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், புத்தகம் வாங்குகிறவருக்கு நட்டமில்லை. வேடிக்கை பார்க்கிறவருக்கு அது காட்சிக் கட்டணம். நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, நாளின் முதல் வேளையிலேயே போவது நல்லது. நண்பகலில் அந்தப் படிக்கட்டில் நிற்கிறவர்களில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை எண்ணிவிடலாம்.

உலகின் மிகப் பழைய புத்தகக் கடை எது?

இன்றும் நடந்துகொண்டிருக்கும் கடைகளில் லிஸ்பனின் லிவ்ராரியா பெர்ட்ராண்டைத்தான் கின்னஸ் சாதனைப் புத்தகம் குறிப்பிடுகிறது. 1732இல் தொடங்கியது. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் முதல் கடை அழிந்தது. 1773 முதல் ஷியாடு பகுதியில் இன்றுள்ள இடத்தில் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் வளைவுக்கூரை அறைகள் அழகானவை. நுழையக் கட்டணம் இல்லை. வாங்கிய புத்தகத்தில், உலகின் மிகப் பழைய கடையில் வாங்கியது என்ற முத்திரையைக் கேட்டால் குத்தித் தருகிறார்கள்.

தேவாலயத்திலும் நாடக அரங்கிலும் இயங்கும் கடைகள் வெறும் காட்சிப் பொருள்களா?

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் இதற்கு ஒரே பதில் கிடையாது என்பது புரியும்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து டொமினிகானன் கடை, 1294இல் அர்ப்பணிக்கப்பட்ட தேவாலயத்தில் இருக்கிறது. 1794இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியதோடு அங்கே வழிபாடு நின்றது. பிறகு கிடங்காகவும் மிதிவண்டி நிறுத்தமாகவும் அந்தக் கட்டடம் காலம் தள்ளியது. 2006இல் கடையாக மாற்றியபோது வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சிக்கல்: பழைய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஆனால் தரைப்பரப்பு மட்டும் கடைக்குப் போதாது. அதற்கு அவர்கள் கண்ட வழி, எங்கும் சுவரைத் தொடாமல் நடுக்கூடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தனியே நிற்கும் கறுப்பு எஃகு அடுக்கு. அதன் உள்ளேயே படிகள் ஏறுகின்றன. உச்சித் தளத்தில் நின்றால், வழிபட வந்தவர்கள் கழுத்தை வளைத்துத் தொலைவிலிருந்து பார்த்த கூரை ஓவியங்கள் முகத்துக்கு அருகில் வந்துவிடுகின்றன. மறுபக்கம் காலியாக விடப்பட்டிருப்பதால் தேவாலயத்தின் உயரம் கெடவில்லை. நாளை கடை காலி செய்தால் அடுக்கைக் கழற்றி எடுத்துவிடலாம். கட்டடத்தில் வடு இராது. 2014இல் கடையை நடத்திய தொடர் நிறுவனம் திவாலானபோது, ஊழியர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தாங்களே கடையை எடுத்துக்கொண்டார்கள். டச்சு நூல்களே அதிகம் என்றாலும் ஆங்கிலப் பிரிவும் சிறியதல்ல. காட்சிக்காகப் போனாலும் புத்தகம் வாங்காமல் வெளியே வர முடியாத கடை இது.

புவெனஸ் அயர்ஸின் எல் ஆத்தெனியோ கிராண்ட் ஸ்பிளெண்டிட் 1919இல் நாடக அரங்காகத் திறக்கப்பட்டு, பின்னர்த் திரையரங்காகி, 2000இல் புத்தகக் கடையானது. நசரேனோ ஒர்லாந்தி தீட்டிய கூரை ஓவியம், மாடங்கள், சிவப்புத் திரைச்சீலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேடையில் காப்பிக் கடை. பக்கவாட்டு மாடங்களில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் சரக்கைப் பார்த்தால், பெரிய தொடர் நிறுவனக் கடை ஒன்றில் கிடைப்பதற்கு மேல் அதிகம் இல்லை. லத்தீன் அமெரிக்க இலக்கியத்தைத் தேடுகிறவர்கள் மேடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு, கொரியெந்தெஸ் பெருந்தெருவுக்கு நடந்துவிட வேண்டும். அங்கே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரவு வெகுநேரம் வரை திறந்தும் இருக்கின்றன.

வெனிஸின் அக்வா ஆல்டா?

கால்வாய் ஓரத்தில் இருக்கும் இக்கடையில் வெள்ளத்துக்குத் தப்பப் புத்தகங்களைக் குளியல் தொட்டிகளிலும் நீளப் படகு ஒன்றிலும் குவித்து வைத்திருக்கிறார்கள். நனைந்து வீணான நூல்களை அடுக்கிப் பின்முற்றத்தில் படிக்கட்டு ஆக்கியிருக்கிறார்கள். பூனைகள் உண்டு. வேடிக்கையான இடம் என்பதில் ஐயமில்லை. குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. கலைக்களஞ்சியங்களை மிதித்து ஏறுவதற்கு எல்லாருக்கும் மனம் வராது, எனக்கு வராது.

லண்டனில் ஒரு நாள் மட்டும் இருந்தால் எங்கே போவது?

மேரிலபோன் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் டான்ட் புக்ஸில் தொடங்கலாம். புத்தகக் கடையாகவே கட்டப்பட்ட, முதல் உலகப் போருக்கு முந்தைய கட்டடம். ஓக் மர மாடங்கள், மேலே நீண்ட கண்ணாடிக் கூரை. ஜேம்ஸ் டான்ட் 1990இல் தொடங்கிய இக்கடையின் சிறப்பு அடுக்கும் முறை. நூல்கள் நாடு வாரியாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு நாட்டின் அலமாரியில் பயண வழிகாட்டியும் வரலாறும் அந்நாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்பும் கவிதையும் தோளோடு தோள் நிற்கும். அடுத்து எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த அலமாரியின் முன் கால் மணி நேரம் நின்றால், வழிகாட்டி நூல் எதுவும் சொல்லாத ஒரு வாசிப்புப் பட்டியல் கையில் இருக்கும்.

பிறகு 1797இல் தொடங்கிய, பிக்கடில்லியில் உள்ள ஹாச்சர்ட்ஸ். அங்கே ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதிகள் நிறைய கிடைக்கும். 1903இல் பிறந்து, இப்போது சாரிங் கிராஸ் சாலையில் இருக்கும் ஃபாய்ல்ஸ், 2014இல் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிய பின் வெளிச்சமாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே நூல்கள் பதிப்பகம் வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. சீட்டு வாங்க ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, புத்தகத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு வரிசை என்று வாங்குபவர் மூன்று முறை நிற்க வேண்டும். அப்படியும் கடை தாக்குப்பிடித்தது. அருகிலேயே இருக்கும் செசில் கோர்ட் சந்தில் அரிய நூல்களும் பழைய வரைபடங்களும் விற்கும் சிறு கடைகள் உள்ளன.

ஆக்ஸ்ஃபோர்டு வரை போவதில் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். பிராட் ஸ்ட்ரீட்டில் 1879இல் தொடங்கிய பிளாக்வெல்ஸ் கடை, முதலில் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறையாக இருந்தது. இன்றும் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரணக் கடையாகத்தான் தெரியும். உள்ளே சென்று கீழே இறங்கும் படிகளுக்கு வந்ததும், 1966இல் திறக்கப்பட்ட நாரிங்டன் அறை காலடியில் விரிகிறது: பக்கத்திலுள்ள டிரினிட்டி கல்லூரியின் தரைக்கு அடியில் தோண்டப்பட்ட, படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும் ஒரே கூடம். அதில் மட்டும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீள அலமாரி இருக்கிறது. தத்துவத்தில் நுழைந்து அரசியலில் திரும்பி மருத்துவத்தில் வெளியே வரலாம். வண்ணக் கண்ணாடியும் இல்லை, வளைந்த படிக்கட்டும் இல்லை. ஆனாலும் கனவுக் கடை என்ற சொல்லுக்கு இந்தப் பட்டியலில் மிகவும் தகுதியானது இந்த நிலவறைதான் என்பேன்.

‘புத்தக ஊர்’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு சிற்றூர் முழுவதும் பழைய புத்தக வணிகத்தால் வாழும் ஏற்பாடு அது. வேல்ஸின் எல்லையில், ஏறத்தாழ 2,000 பேர் வாழும் ஹே-ஆன்-வை ஊரில் இது தொடங்கியது. ரிச்சர்ட் பூத் என்பவர் 1960களின் தொடக்கத்தில் அங்கே இருந்த பழைய தீயணைப்பு நிலையத்தில் கடை வைத்தார். மூடப்பட்டுவந்த நூலகங்களின் நூல்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார். மற்றவர்களும் கடை போட்டார்கள். 1977 ஏப்ரல் 1 அன்று அந்த ஊரைத் தனி நாடாக அறிவித்துத் தம்மை அதன் அரசராக்கிக்கொண்டார்; குதிரையைப் பிரதமராக்கினார். செய்தித்தாள்கள் சிரித்தன, ஊர் உலகப் புகழ் பெற்றது. பூத் 2019இல் மறைந்தார்.

கோட்டைச் சுவரை ஒட்டித் திறந்தவெளியில் அலமாரிகள் நிற்கின்றன. விற்பவர் எவரும் இல்லை. வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசை அங்குள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். அங்கே இருப்பவை பெரும்பாலும் மழையும் வெயிலும் தின்ற பழைய நாவல்கள். நல்ல சரக்கு ஊருக்குள் கடைகளில் இருக்கிறது. ஊருக்கு ரயில் இல்லை. ஹெரஃபோர்டு நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 1988 முதல் நடக்கும் இலக்கிய விழா மே மாத இறுதியில் வருகிறது. எழுத்தாளர்களைக் காண அப்போது போகலாம். புத்தகம் தேடுகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இதைப் பார்த்து, 1984இல் பெல்ஜியத்தின் ரெடு முதற்கொண்டு பல ஊர்கள் புத்தக ஊர்களாயின. ஸ்காட்லாந்தின் விக்டவுன் 1998இல் அந்நாட்டின் அதிகாரபூர்வப் புத்தக ஊரானது. அங்கே ‘தி ஓப்பன் புக்’ என்ற கடையை மாடி வீட்டோடு வாடகைக்கு எடுத்து, விடுமுறையில் நீங்களே புத்தகக் கடைக்காரராக இருந்து பார்க்கலாம். முன்பதிவு செய்தவர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும்.

ஜப்பானிய மொழி தெரியாதவர் டோக்கியோவின் ஜிம்போச்சோவுக்குப் போவதில் பொருள் உண்டா?

இந்தக் கேள்விதான் மிகவும் தவறான ஊகத்திலிருந்து எழுவது. நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள் ஒரே வட்டாரத்தில் இருக்கும் இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுற்றிலும் சட்டக் கல்லூரிகள் தோன்றின. மாணவர்கள் படித்து முடித்த நூல்களை வாங்கி விற்கக் கடைகள் முளைத்தன. 1913இல் தீ விபத்து வட்டாரத்தை அழித்த பின்பு புதிதாகத் தோன்றிய கடைகளில் ஒன்று, இன்று பெரும் பதிப்பகமாக இருக்கும் இவானாமி.

யாசுகுனி சாலையில் நடந்தால் ஒன்று கண்ணில் படும்: பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கத்தில், வடக்கு நோக்கித் திறந்திருக்கின்றன. நேர் வெயில் பட்டால் புத்தக முதுகின் நிறம் போய்விடும் என்பதே காரணம். வாசலில் சக்கர வண்டிகளிலும் மரப்பெட்டிகளிலும் மலிவு நூல்கள் இருக்கும். உள்ளே போகப் போக விலையும் வயதும் ஏறும். தொகுதி நூல்கள் சணல் கயிற்றால் கட்டப்பட்டுத் தரையில் அடுக்கப்பட்டிருக்கும். அவிழ்க்காமல் கடைக்காரரைக் கேட்க வேண்டும். விலை பெரும்பாலும் பின்னட்டையின் உட்புறத்தில் செருகிய சிறு சீட்டில் இருக்கும். பேரம் பேசும் வழக்கம் இல்லை.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு துறை. மொழி தெரியாதவருக்கும் மர அச்சு ஓவியங்கள், பழைய வரைபடங்கள், புகைப்பட நூல்கள், திரைப்படச் சுவரொட்டிகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. 1882இல் தொடங்கிய ஓயா ஷோபோவில் மர அச்சுகளும் வரைபடங்களும் உண்டு. ஆங்கில நூல்களுக்கு 1902இல் தொடங்கிய கிடசாவா பெயர்பெற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை நடக்கும் பழைய புத்தகத் திருவிழாவில் நடைபாதை முழுவதும் அலமாரிகள் எழுந்துவிடும். அந்த வட்டாரம் குழம்புச் சோற்றுக்கும் பெயர்போனது: ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் பிடித்துச் சாப்பிட ஏற்ற உணவு என்று காரணம் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் எந்தக் கடைகள்?

ஓரகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1971இல் தொடங்கிய பவல்ஸ், நகரின் ஒரு சதுரம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாசலில் வரைபடம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அறைகளுக்கு நிறங்களே பெயர். புதிய பிரதியும் பழைய பிரதியும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஒரே நூலின் மூன்று விலைகளை ஒப்பிட்டு வாங்கலாம். இந்த எளிய ஏற்பாட்டை மற்ற கடைகள் ஏன் பின்பற்றவில்லை என்பது புதிராகவே இருக்கிறது. ஓரகனில் விற்பனை வரியும் கிடையாது.

நியூயார்க்கின் ஸ்டிராண்ட் 1927இல் ஃபோர்த் அவென்யூவில் பிறந்தது. அங்கே ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐம்பது பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் எஞ்சியது இது ஒன்றே. மேல்தளத்து அரிய நூல் அறையைத் தவறவிடக் கூடாது.

சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ், கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் 1953இல் தொடங்கியது. கெட்டி அட்டை வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் காகித அட்டை நூல்களை மட்டுமே விற்றது. 1956இல் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹௌல்’ கவிதைத் தொகுப்பை வெளியிட்டதற்காக ஃபெர்லிங்கெட்டி கைதானார். அது ஆபாச நூல் அல்ல என்று 1957இல் நீதிமன்றம் விடுவித்தது, அமெரிக்கப் பதிப்புலகில் முக்கியமான தீர்ப்பு. கடைக்குப் போனால் மாடியிலுள்ள கவிதை அறைக்கு நேராக ஏறிவிடுங்கள்.

இரவு முழுவதும் திறந்திருக்கும் கடை உண்டா?

தைவானின் தைபேயில் எஸ்லைட் நிறுவனம் 1999 முதல் அப்படி ஒரு கடையை நடத்தியது. துன்னான் கிளை எனப்பட்ட அந்தக் கடை 2020இல் மூடப்பட்டபோது மக்கள் இரவெல்லாம் நின்று விடைபெற்றார்கள். 24 மணி நேரச் சேவை பிறகு சின்யீ கிளைக்கும், 2024இல் சோங்யான் கிளைக்கும் மாறியது.

கூரையே இல்லாத புத்தகச் சந்தைகளைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். பாரிஸின் சேன் ஆற்றங்கரைச் சுவர்களில் பச்சைப் பெட்டிகளைத் திறந்து விற்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழமையானது. ஒருவருக்கு நான்கு பெட்டி; அவற்றில் ஒன்றில் மட்டுமே நினைவுப் பொருள்கள் விற்கலாம் என்பது நகராட்சி விதி. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அந்தப் பெட்டிகளை அகற்ற முயன்ற அரசு, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. மழை நாளில் பெரும்பாலானவை மூடியே இருக்கும்.

பாக்தாதின் முதனப்பி தெரு, பத்தாம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயரைத் தாங்கியது. வெள்ளிக்கிழமையே அங்கே பெருநாள். 2007 மார்ச் 5 அன்று வெடித்த கார் குண்டு முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே தெரு மீண்டும் திறக்கப்பட்டது. பயணப் பாதுகாப்பு நிலவரத்தைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

பிரான்சில் எந்தக் கடையிலும் விலை ஒன்றாகவே இருக்கிறதே, ஏன்?

1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நூலின் விலையைப் பதிப்பாளர் நிர்ணயிக்கிறார்; கடைகள் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இத்தகைய நிலை விலை முறை உண்டு. பெருங்கடைகள் விலையைக் குறைத்துச் சிறு கடைகளை ஒழித்துவிட முடியாததால்தான் பாரிஸின் தெருமுனைகளில் இன்னமும் புத்தகக் கடைகளைக் காண்கிறோம். பிரிட்டனில் இருந்த அத்தகைய ஒப்பந்தம் 1990களின் நடுவில் குலைந்தது. அங்கே கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் அச்சு நூல்களுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை. ஆகவே பிரெஞ்சு நூலை எங்கே வாங்கினாலும் ஒன்றே. ஆங்கில நூலுக்கு அலைந்தால் பயன் உண்டு.

முதற்பதிப்பு என்று சொல்லி விற்பதை எப்படிச் சரிபார்ப்பது?

பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண் வரிசையைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பல ஆங்கிலப் பதிப்பகங்கள் அச்சின் எண்ணிக்கையை அப்படிக் காட்டுகின்றன. வரிசையில் 1 இருந்தால் பொதுவாக அது முதல் அச்சு. மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகவில்லை என்றால் அது புத்தக மன்றப் பதிப்பாக (சந்தா உறுப்பினர்களுக்கென அச்சிட்டதாக) இருக்கலாம், மதிப்புக் குறைவு. விலையின் பெரும்பங்கு மேலுறையைப் பொறுத்தது. கிழிந்த உறையோடு வரும் முதற்பதிப்பைப் படிப்பதற்காக வாங்கலாம், முதலீடாக வேண்டாம்.

வாங்கியவற்றை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது?

நடுத்தரமான காகித அட்டை நாவல் ஒன்று 300 கிராம் போல வரும். ஓவிய நூல் ஒன்றே 2 கிலோவைத் தாண்டும். பெட்டியின் எடை வரம்பு பெரும்பாலும் 23 கிலோ என்பதால், கனமானவற்றைக் கைப்பையில் வைப்பதே பழைய உபாயம்; அதற்கும் வரம்பு வைக்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. பெட்டியில் வைக்கும்போது சக்கரப் பக்கம் முதுகு கீழாக நிற்குமாறு அடுக்கி, ஓரங்களில் துணியைத் திணித்தால் மூலைகள் நசுங்காது. பெரிய கடைகள் பலவும் வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகின்றன. அரிய நூல் கடைகள் இன்னும் பத்திரமாகக் கட்டித் தருவார்கள். அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், அச்சு நூல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று அஞ்சலகத்தில் கேட்க வேண்டும்.

யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை விதிப்பதில்லை. உள்நாட்டு வரிகள் வேறு விஷயம். மிகப் பழைய நூல்களை வாங்கும்போதுதான் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து, 100 ஆண்டுகளைக் கடந்த, 50,000 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள நூலை வெளியே எடுத்துச் செல்ல ஏற்றுமதி உரிமம் வேண்டும். சில நாடுகளின் சொந்தச் சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை. அதனால் பழைய நூல் எதையும் வாங்கும்போது, நூலின் பெயர், ஆண்டு, விலை மூன்றும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி, அந்த நூலுக்குள் வைக்காமல் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.